சொந்த வேடம் கோரி ஒரு விஞ்ஞாபனம்

உதகமண்டலம், நீலகிரி.

சென்னையில் எழுந்தருளியிருக்கும் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவர், காரியதரிசி, நிர்வாக உறுப்பினர்கள் ஆகிய கனவான்களின் சமுகத்துக்கு, நீலகிரி மலையின் சார்பில் அதன் நெடுநாள் குடிகளில் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

தாங்களும் தங்கள் அங்கத்தினர்களும் க்ஷேமமாக இருக்கிறீர்கள் என்பதைப் பத்திரிகைகள் நாள்தோறும் வர்ணப் படங்களுடன் தெரிவித்து வருவதால், அதைப் பற்றி விசாரியாமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழவும், மாடியிலிருந்து குதிக்கவும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாயவும் ஓர் ஏழையை அமர்த்தி, அவன் முகம் தெரியாதபடி படம் பிடித்து, மாலையில் கூலி கொடுத்து அனுப்பிவிடுகிற சம்பிரதாயம் தங்கள் தொழிலில் உண்டென்பதையும், அப்படிப்பட்டவனுக்கு டூப்பு என்று பெயரென்பதையும் நாங்கள் அறிவோம். எங்கள் மலையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே என்பதும், பல்லாண்டு ஊழியத்துக்குப் பிறகேனும் தன் சொந்தக் கஷ்டநஷ்டங்களோடு, தன் பெயரிலேயே ஒரு வேடம் ஏற்கத் தாங்கள் அனுக்கிரகம் செய்யவேண்டும் என்பதுமே இந்த விஞ்ஞாபனத்தின் சாராம்சம்.

முதற்கண் ஊழியச் சரித்திரத்தை உரைத்துவிடுகிறேன். 1984இல் டேவிட் லீன் என்னும் ஆங்கிலேய இயக்குநர் ஃபார்ஸ்டரின் நாவலைப் படமாக்கியபோது, வடநாட்டில் இருப்பதாக அந்த நாவல் கற்பிக்கும் மராபார்க் குகைகளை நோக்கிப் பாத்திரங்களை ஏற்றிச் சென்ற ரயில், மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு 16 குகைப்பாதைகளையும் 250 பாலங்களையும் கடந்து மூச்சிரைக்க உதகைக்கு ஏறிவருகிற எங்கள் ரயிலேயாகும். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வுக்குக் காஷ்மீரம் தேவைப்பட்டது, காஷ்மீரத்திலோ அந்நாளில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை, ஆகையினால் குன்னூர், ஊட்டி, மணாலி முதலிய இடங்கள் காஷ்மீரமாக நியமனம் பெற்றன. ஐக்கிய நாடுகள் சபையில் பல்லாண்டுகளாகத் தீராத பிரச்சினை குன்னூரில் சில வாரங்களில் தீர்த்துவைக்கப்பட்டது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதும் அந்தப் படத்துக்கே கிடைத்தது. குன்னூர் காஷ்மீரமாகவே ஆகிவிடக்கூடுமாயின் அதைவிடப் பெரிய ஒருமைப்பாடு வேறென்ன இருக்க முடியும்? பிறகு 1998இல், வடகிழக்கு மாகாணங்களின் ஆயுதக் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட ‘தில் சே’, தமிழில் ‘உயிரே’, வந்தது. அங்கே ஒரு ரயில் நிலையத்தில் பெண்ணொருத்தியைக் கண்டு மனம் பறிகொடுத்த கதாநாயகர், சிறிது நேரத்துக்கெல்லாம் எங்கள் மலை ரயிலின் கூரைமீது ஏறி ஆடத் தொடங்கிவிட்டார். அந்த ரயிலின் உள்ளே உட்கார ஓர் இடம் பிடிப்பதற்கு நாங்கள் படும் பாட்டை நினைத்தால், கூரைமீது அத்தனை பேருக்கு இடம் கிடைத்ததில் எங்களுக்குச் சற்றே பொறாமை ஏற்பட்டது உண்மை.

இவையெல்லாம் தரக்குறைவான படங்கள் என்று சொல்ல வரவில்லை. அவற்றில் சிலவற்றை நான் இரண்டாம் முறையும் காசு கொடுத்தே பார்த்திருக்கிறேன். எங்கள் விசாரம் வேறு. காஷ்மீரத்துக்கு அரசியல் உண்டு, அஸ்ஸாமுக்கு அரசியல் உண்டு, வெள்ளைக்காரன் ஆண்ட வடநாட்டுக்கு அரசியல் உண்டு. அவற்றுக்கெல்லாம் தன் உடலை வாடகைக்குத் தந்த நீலகிரிக்கு மாத்திரம் அரசியல் கிடையாது என்றும், பனி, பாட்டு, தேனிலவு, பணக்கார மாமனாரின் பங்களா ஆகிய நான்கோடு அதன் பூலோக சாஸ்திரம் முடிந்துவிடுகிறது என்றும் தாங்கள் எப்படி முடிவு கட்டினீர்கள் என்பதே. பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தது; அதன் கடைசிக் காட்சி நிகழும் கேத்தி ரயில் நிலையத்தை இன்றும் பிரயாணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். அப்படிக் கலங்குகிற கண்களுக்கு, நிலையத்துக்கு மேலே சரிவில் காய்கறித் தோட்டத்தில் குனிந்து நிற்கும் மனிதர்கள் தட்டுப்படுவதில்லை. இது பாலு மகேந்திராவின் குற்றமன்று. அவர் ஒருவராவது ஊட்டியை ஊட்டியாகவே காட்டினாரே என்பதற்காக அவருக்கு நாங்கள் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஒரு முறை கோத்தகிரிச் சாலையோரத் தோட்டமொன்றில் தங்கள் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவ்வழியே போன நான் நின்று வேடிக்கை பார்த்தேன். நாயகியின் முதுகில் புத்தம் புதிய பிரம்புக் கூடை. அவர் இரண்டு விரல்களால் ஒரே ஓர் இலையைப் பறித்துக் கன்னத்தில் வைத்து, பிறகு அதைக் கூடையில் போடாமல் காற்றில் விட்டார். அந்தக் காட்சியில் குறுக்கே வந்துவிடக் கூடாதென்பதற்காக உண்மையான தொழிலாளிப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் இடுப்பில் மழைக்கும் முள்ளுக்குமாகப் படங்குச் சீலை கட்டியிருந்தது. காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைச் சாறு பூசியிருந்தது. கையில், கிள்ளுகிற காலம் போய் வெட்டுகிற காலம் வந்துவிட்டதற்கு அடையாளமாக, பை பொருத்திய கத்திரி இருந்தது. அவர்களில் மூத்தவள், இலங்கையிலிருந்து தாய் மடியில் வந்தவளாம், நாயகியை வெகு சிரத்தையோடு கவனித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: “ஏன் புள்ள, அது முத்தல் இலையால்ல பறிக்குது? மேஸ்திரி கண்டா அரைப்பேருதான் போடுவாரு, அரைநாள் கூலிதான் கெடைக்கும்.” படம் எடுத்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் அதைவிடச் சிறந்தது ஒன்றை நான் இன்றளவும் படித்ததில்லை.

அந்த அம்மாள் ஏன் தாய் மடியில் வந்தாள் என்பது ஒரு கதை. தங்கள் சபையின் கதை இலாகாவினர் கவனிக்க வேண்டிய கதை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரகாரம், இலங்கை மலைநாட்டைத் தலைமுறை தலைமுறையாகச் செழிக்க வைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக நிச்சயிக்கப்பட்டது. நிச்சயித்தவர்கள் அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டதாகச் சரித்திரத்தில் இல்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டு, பின்னால் அவை டான்டீ என்னும் கழகமாயின. 2022இல் அத்தோட்டங்களில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென்று சர்க்கார் தீர்மானித்தபோது, தொழிலாளர் குடியிருப்பான லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள், இனி எந்த நாட்டுக்குக் கப்பலேற்றுவார்களோ என்று திகைத்தார்கள். கப்பல், பிரிவு, காடு, மழை, நீதி கேட்டுத் தெருவில் இறங்குதல் எல்லாம் இருக்கின்றன, பாட்டுக்கும் இடமுண்டு. ஆயினும் இதுவரை எந்தத் தயாரிப்பாளரும் இந்த மலைக்கு அந்தக் கதையைத் தேடி முன்பணத்தோடு வரவில்லை.

தோட்டத் தொழிலாளரின் துயரம் தங்கள் திரையில் வந்ததே இல்லை என்று சாதிக்க நான் முற்படவில்லை. 2013இல் பாலாவின் ‘பரதேசி’ வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்து, தொழிலாளருக்குச் சங்கம் கண்ட பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலைத் தழுவியது அது. நாவலை எழுதிய வைத்தியர் சங்கம் வைத்தாரென்றால், படத்தில் வரும் வைத்தியர் மதப் பிரசாரம் செய்து ஆடிப் பாடுகிறார். வைத்தியத்துக்கு அவருக்கு எப்போது நேரம் கிடைத்ததென்று விளங்கவில்லை. கந்தையுடுத்த ஜனங்களின் கண்ணீரைக் காட்டிய அந்தப் படத்துக்கு வாய்த்த தேசிய விருது, சிறந்த ஆடை வடிவமைப்புக்கானது. இது என் கற்பனையன்று. சர்க்கார் ஏட்டில் உள்ளது. ஆயினும் என் ஆட்சேபணை விருதைப் பற்றியதன்று. தேயிலைத் தோட்டத்தில் துன்பம் என்பது துரை தொப்பியணிந்து நின்ற காலத்தில் மாத்திரமே நிகழ்ந்தது என்னும் கோட்பாட்டைத் தங்கள் தொழில் எங்கிருந்து பெற்றது? எண்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன வெள்ளைக்காரனைச் சாட்டையோடு நிறுத்துவதில் ஒரு சௌகரியம் உண்டு: அவன் மான நஷ்ட வழக்குப் போடமாட்டான், வாக்குரிமையும் அவனுக்கில்லை. பச்சைக் கொழுந்துக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுப் படுகரும் மற்றச் சிறு விவசாயிகளும் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்களே, அந்தக் காட்சியில் வில்லனாக யாரை நிறுத்துவது என்ற கேள்வி வந்துவிடும். அதற்குத் துணிந்தால் படத்தை வெளியிடத் தியேட்டர் கிடைக்குமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

வில்லன் கிடைக்காமல் தவிப்பவர்களுக்குக் கூடலூரில் ஒருவர் தயாராக இருக்கிறார். அவர் பெயர் பிரிவு 17. 1969இல் நிறைவேறிய கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் பிறந்து, ஜன்ம முறையை ஒழிப்பதற்கென்றே வந்து, குடிகளுக்குப் பட்டாவும் இல்லாமல் பலருக்கு மின்விளக்கும் இல்லாமல் இன்றுவரை பார்த்துக்கொண்டவர். தேர்தல் வரும்போதெல்லாம் அவரை ஒழித்துவிடுவதாக எல்லாக் கட்சிக் கதாநாயகர்களும் சபதம் செய்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இடைவேளையின்றி ஓடுகிற படம் தங்கள் சபையின் சரித்திரத்திலேயே வேறு இராது.

ஆதிகுடிகளின் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லி நிறுத்துகிறேன். தங்கள் படங்களில் மலைஜாதியார் என்பார் இலையுடுத்தி, கொம்பு சூடி, கதாநாயகனைக் கம்பத்தில் கட்டிவைத்து, பக்கத்தில் நெருப்பு மூட்டி எதையோ வாட்டிக்கொண்டிருப்பவர்கள். எங்கள் தோடர்களோ பரம்பரையாகப் புலால் உண்ணாதவர்கள். அவர்கள் போர்த்தும் பூத்தையல் போர்வை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளிதான் கூடலூர்ச் சாலையில் இன்று ‘ஷூட்டிங் மட்டம்’ என்னும் பெயரோடு, டூயட் பாட வருவோருக்கும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வருவோருக்கும் தரிசனம் தருகிறது.

அதே சாலையில் தங்கள் படப்பிடிப்பு வண்டிகள் போகும்போது, இந்துநகரில் ஒரு பாழடைந்த தொழிற்சாலையைக் கடந்து போகின்றன. சபையார் அதன் முன்னால் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொல்வது நியாயமாயிருக்கும். 1960இல் மத்திய சர்க்கார் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அதுதான். 1967 முதல் அங்கே ‘இந்து’ என்னும் பெயரோடு கருப்பு வெள்ளை பிலிமும் சினிமாப் பிரதிகளுக்கான பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் உற்பத்தியாயின. தூசில்லாத குளிர்ந்த காற்று வேண்டுமென்றே உதகையைத் தேர்ந்தார்கள். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து மெல்லிய சுருளின்மேல் பூசுகிற அந்த வேலையில், கண்ணுக்குத் தெரியாத கீற்று வெளிச்சம் பட்டாலும் சுருள் முழுதும் வீணாகிவிடும். ஆகையினால் உதகைக்காரர்கள் இருட்டறைகளில் கையால் தடவி வழியறிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், ஆயுளில் பாதியைக் கழித்தார்கள். வெளியே வந்தால் மத்தியான்ன வெயிலில் கண் கூசும். அவர்கள் இருட்டிலே நின்று பூசிக் கொடுத்த அந்தச் சுருள்களில் எத்தனையெத்தனை மாளிகைகளும் காதலர்களும் பதிந்தனர், பூசினவர்கள் பதியவில்லை. 1996இல் அது நலிந்த நிறுவனமென்று அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் யுகம் எஞ்சியதையும் முடித்தது. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்னும் மங்கலமான பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சினிமாவுக்குச் சினிமாவையே உண்டாக்கிக் கொடுத்த ஊருக்கு ஒரு நியூஸ் ரீல் அளவுக்குக்கூடப் பாத்தியதை இல்லையா என்பதைச் சபையின் சட்ட ஆலோசகர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

வியாபார ரீதியிலும் ஒரு வார்த்தை. எங்கள் மலை ஒரே ஒரு முறை, தெப்பக்காட்டு யானை முகாமில், காட்டுநாயக்கப் பாகன் தம்பதியர் தங்கள் சொந்தப் பெயரிலேயே தோன்ற, தன் சொந்த ஜனங்களோடு தன் வேடத்தைத் தானே ஏற்றது. ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ என்ற அந்தச் சிறு படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றது. ஊட்டியில் வளர்ந்த பெண்ணொருத்தி எடுத்தது. அதற்குச் சாட்டை தேவைப்படவில்லை, டூயட்டும் தேவைப்படவில்லை. அந்தப் படத்தில் வரும் யானைக் குட்டிக்குக் கிடைத்த பிரகாசம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கும் காடு விட்டுக் கிளப்பப்பட்ட குடும்பங்களுக்கும் கிடைக்கவில்லை என்பது மெய்யே. இருந்தாலும் முதல் வேடத்திலேயே உலகப் பரிசு வாங்கிய நடிகருக்கு இரண்டாவது வேடம் தராமல் வீட்டில் உட்கார வைப்பது எந்த வர்த்தக சபைக்கும் லாபமாகாது.

தாங்கள் மனமிரங்கி வருவதாயின் சில ஏற்பாடுகளைச் சொல்லிவைக்கிறேன். ஐகோர்ட்டு உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், வாங்கிக்கொண்டு வரவும். ஜூலையில் தேவாலாப் பக்கம் வந்தால் மழை இயந்திர வாடகை மிச்சம். பரிவாரத்துக்கு லயன் வீட்டிலேயே தங்க ஏற்பாடு செய்யலாம். குழாயில் தண்ணீர் வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கிறோம். நாயகிக்குக் கொழுந்தெடுக்கப் பழக்கிக் கொடுக்க, மேலே நான் சொன்ன அம்மாளைக் கேட்டுப் பார்த்தேன், சம்மதம்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறாள். பழகுகிற நாள்களில் அந்தப் பெண் பறிக்கிற இலையையும், முத்தல் நீக்கி, தன் கணக்கிலேயே எடை போட வேண்டுமாம். சொல்லிக் கொடுத்துக்கொண்டு நின்றால் அன்றைய கிலோ குறைந்துவிடும், குறைந்தால் கூலியும் குறையும் என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உதகைவாசி