இரண்டு பேர் மிஞ்சிய ஊர்

கேள்வி: செக் நாட்டில் ஹோலஷோவிட்சே என்ற குக்கிராமம் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதாமே! அப்படி என்ன அதிசயம் அங்கே?

பதில்: அதிசயம் ஒன்றுமில்லை. யாரும் இடிக்கவில்லை, அவ்வளவுதான்!

தெற்கு பொஹீமியாவில், செஸ்கே புத்யேயோவிட்சே நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. நடுவில் நீள்சதுரப் புல்வெளி, ஒரு குளம், 1755-ல் கட்டிய குட்டிக் கோயில். சுற்றிலும் 23 பண்ணைகள். 19ஆம் நூற்றாண்டு விவசாயிகளுக்கு நகரத்து பரோக் மாளிகைகள் மேல் ஆசை. மாட்டுத்தொழுவம் பின்னால் இருந்தாலும், வாசல் முகப்பில் வளைவும் சுதைப் பூவேலையும், கட்டிய வருஷமும்! பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் நாம் சும்மா இருக்க முடியுமா?

ஆனால் ஊரின் ஜாதகம் சரியில்லை. 1520களில் கொள்ளைநோய் வந்தது. பிழைத்தவர்கள் இரண்டே பேர். நிலச்சொந்தக்காரர்களான சிஸ்டர்சியன் மடத்தார் பவேரியா, ஆஸ்திரியாவிலிருந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அவர்கள் வழிவந்த ஜெர்மன் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பல வீடுகள் பாழடைந்தன. புதுப்பித்துக் கெடுக்க ஆளில்லாததால் பழைய அழகு தப்பித்தது! 1990க்குப் பிறகு மக்கள் அவற்றைப் பழுதுபார்த்துக் குடியேறினார்கள். 1998-ல் யுனெஸ்கோ அங்கீகாரம்.

போனால் முகப்பை வெளியே நின்று பாருங்கள்; உள்ளே குடித்தனம் நடக்கிறது.