வீட்டில் ஒரு பிள்ளை, வாசலில் ஒரு விசாரணைக் கமிஷன்

மேட்டூரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று நினைக்கிறீர்களா? புத்தகம், கரும்பலகையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாசலில் நாலு நாற்காலி போடுங்கள். விசாரணைக்கு ஆள் வரும்.

"ஏனுங்க, தம்பிய பள்ளிக்கோடத்துக்கு அனுப்பலீங்களாமா? நாலு பசங்களோட பழகாம எப்படிங்க வளருவான்?"

கேட்கிறவர் நல்ல மனிதர்தான். தன் மகனை ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டிருக்கிறார். விடியுமுன் எழுப்பி, இரவு கண் சொருகும்வரை உட்கார வைக்கிற இடம். அங்கே பக்கத்து பெஞ்சுக்காரன் நண்பன் இல்லை, அரை மார்க்கைத் தட்டிப் பறிக்க வந்தவன். பெற்ற தாயோடு போனில் பேசவும் முறை வரவேண்டும். அவன் நாலு பேரோடு பழகுகிறானாம். ஆற்றங்கரை மீன் கடையில் பேரம் பேசி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் உங்கள் பிள்ளைக்குத்தான் பழக ஆள் இல்லையாம்.

நாமக்கல் வட்டாரத்துக்கு முட்டையாலும் பேர், பள்ளிக்கூடத்தாலும் பேர். கூண்டு, விளக்கு, நேரத்துக்குத் தீனி என்று இரண்டுக்கும் ஒரே தொழில்நுட்பம். 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டம் சும்மா வரவில்லை. முட்டைக்கோழி வேறு, பிராய்லர் வேறு என்று பண்ணைக்காரர்கள் திருத்துவார்கள். நியாயம்தான். முட்டைக்கோழியை ஒன்றரை வருஷமாவது வைத்துக் காப்பாற்றுவார்கள். பிராய்லருக்கு எடை வந்தால் போதும், வண்டி ஏற்றிவிடலாம். பள்ளிக்குப் பொருந்துவது பின்னதுதான்.

அந்த எடையை ஏற்றுவதற்காகத்தான் பிளஸ் ஒன் பாடத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே புகட்டினார்கள். ஊரே அறிந்த இந்த ரகசியம் அரசுக்கும் தெரியவந்து, 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. ஒரு முழு வகுப்பையே களவாடியவர்கள்மீது வழக்கு இல்லை. பிள்ளைகளுக்குத்தான் இன்னொரு பரீட்சை! 2025-26 முதல் அதையும் எடுத்தாயிற்று. பூட்டை உடைக்கிறார்கள் என்று கதவையே கழற்றிவிட்டோம். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். ஃபிளக்ஸ் பேனர்காரர்கள் அதனால் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை.

2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு நீட் பயிற்சிக் குழுமத்தில் வருமான வரித்துறை சோதனை போட்டது. 30 கோடி ரூபாய் ரொக்கம், அதில் பெரும்பகுதி பள்ளி அரங்கத்தில் இருந்ததாக அறிவித்தது. இப்படியாவது அரங்கத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

வீட்டுக் கல்வி என்றதும் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வருகிறது. "அது சட்டப்படி செல்லுமா?" நல்ல கேள்வி. கட்டாயக் கல்விச் சட்டம், 2009. பத்தாம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. பக்கத்தைப் புரட்டுங்கள். பதின்மூன்றாம் பிரிவு: சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம், நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை. பதினேழாம் பிரிவு: அடிக்கக் கூடாது, மனத்தை வதைக்கவும் கூடாது. தண்டனை இல்லாத பிரிவு ஊர் வாயெல்லாம் புழங்குகிறது. தண்டனை உள்ள பிரிவுகளைப் பள்ளி வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டுங்கள், வாட்ச்மேன் என்ன செய்கிறார் பார்ப்போம்.

சரி, காரியத்துக்கு வருவோம். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்ஐஓஎஸ், 1989இலிருந்து இருக்கிறது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை. ஐந்து வருஷத்துக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். அதுவரை பாடத்திட்டம் வேண்டுமென்றால் மாடிக்குப் போய்ப் பாருங்கள், அணை தெரியும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது, 120 அடி, 93.47 டிஎம்சி. பள்ளிக்கூடத்துக்கு இது ஒரு மார்க் கேள்வி. தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிக்குக் கூட்டிப் போனால், மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வந்து நிற்கும். அந்த ஊர்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பிள்ளை கேட்கும். அதற்கு நோட்ஸ் கிடையாது, நீங்களும் படிக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பகலில் வீட்டில் ஒரு ஆள் சும்மா இருக்க வேண்டும், அந்த ஆளுக்கும் சேர்த்து இன்னொருவர் சம்பாதிக்க வேண்டும். ஜலகண்டாபுரம் பக்கத்துத் தறி வீடுகளில் அந்த வசதி ஏது? அங்கேயும் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் உண்டு, தார் சுற்றிக்கொண்டு. பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளை 'உதவலாம்' என்று 2016இல் சட்டத்தைத் திருத்தி வழியும் விட்டாயிற்று. பள்ளி நேரம் எது, மீதி நேரம் எது என்று தறியிடம் யார் மணி பார்ப்பது? அந்த வாசலில் மட்டும் எந்தக் கமிஷனும் நாற்காலி கேட்பதில்லை. நாலு பேரோடு பழகுகிறானா என்ற கவலையும் அந்தப் பிள்ளைக்காக யாருக்கும் வருவதில்லை.

மேட்டூர் அணையிலிருந்து டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. உலகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளும் அதுவே. பெரியவர்கள் காரில் வந்து, பொத்தானை அழுத்தி, பூத்தூவித் திரும்பலாம். அன்றைக்கு உறுதிமொழி எடுக்கும் அதிகாரிகள் திரும்பும் வழியில் ஒரு தறி வீட்டில் இறங்கி, என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். பிறகு என் வீட்டுக்கு வரட்டும், நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.