பதினாறு பிட் அண்ணன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலிடர் வைக்கத் தெரிந்த தமிழர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் பதினாறு பிட் அண்ணனாகத்தான் இருப்பார். பகலில் ஷா ஆலம் தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன். நின்றுபோன மோட்டாரைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்து ஓடவிடுகிற ஆள். அதே மனிதர் சனிக்கிழமை கோமுட்டர் ஏறி, கே.எல். செண்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்துவிட்டால் அடையாளமே தெரியாது. கைப்பேசியில் டேட்டாஷீட்டைத் திறப்பார். அப்புறம் நமக்கு விடுதலை கிடையாது.

செய்ய நினைப்பது சின்னச் சாமான்தான். கிள்ளான் வீட்டுக் கூடத்தில் மாட்ட, காற்று மாசுக் குறியீட்டைக் காட்டுகிற ஒரு முள் மீட்டர். யோசனையைக் குறை சொல்ல முடியாது. புகைமூட்டம் என்றால் என்னவென்று கிள்ளான்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் குறியீடு 500-ஐத் தாண்டிப் போய், கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். அண்ணனின் அம்மாவுக்குக் கைப்பேசி எழுத்து கண்ணுக்குப் புலப்படாது. முள் பச்சையில் நின்றால் ஜன்னலைத் திறக்கலாம், சிவப்புக்குப் போனால் சாத்தலாம். அவ்வளவுதான் அந்தம்மாவின் தேவை.

மீட்டர், அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தையில் கிடைத்துவிட்டது. குறியீட்டை இணையத்திலிருந்து எடுத்துவர ஈஎஸ்பி32 பலகையும் மேசையில் கிடக்கிறது. பாக்கி ஒன்றே ஒன்று. பலகை சொல்லும் எண்ணை மின்னழுத்தமாக மாற்றி முள்ளைத் தள்ளுகிற டிஏசி சிப். அரிசிமணி அளவுகூட இருக்காது. அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் அண்ணன் இரண்டு தீபாவளிகளைக் கடந்துவிட்டார்.

“எட்டு பிட் போதாதாண்ணே?” என்று கூட இருக்கும் பாலிடெக்னிக் தம்பி கேட்பான்.

“எட்டு பிட்டுன்னா 256 படிதான் தம்பி. முள்ளு தாவும் லா.”

“அப்ப பன்னெண்டு?”

“4096 படி. எம்சிபி4725-னு ஒண்ணு இருக்கு. நல்ல சிப்புதான். ஆனா சப்ளை வோல்டேஜையே ரெஃபரன்ஸா எடுத்துக்கும். சப்ளை ஆடுனா முள்ளும் ஆடும். அதுவும் இல்லாம, அவுட்புட் நிலைக்கு வர ஆறு மைக்ரோசெகண்ட் எடுக்குமாம்.” உதட்டைப் பிதுக்குவார்.

குறியீடு மணிக்கு ஒருமுறை வெளியாகிறது. அதுவும் முழு எண்ணாக. மீட்டர் முள் ஆடி அடங்கவே ஒரு வினாடி ஆகும். இதையெல்லாம் அண்ணன் அறியாதவர் அல்ல. நம்மைவிட நன்றாக அறிவார். ஆனாலும் பதினாறு பிட்டுக்கு வந்து நின்றால்தான் அவர் முகத்தில் ஒரு களை வருகிறது. 65,536 படிகள். 0 முதல் 500 வரையுள்ள அளவில் ஒரு புள்ளிக்கு 131 படி. அந்த மீட்டரின் முள்நுனியே இரண்டு மூன்று புள்ளிகளை மறைத்துக்கொண்டு நிற்கும் தடிமன். என் கணிப்பில் அண்ணனுக்கு மீட்டர் ஒரு சாக்கு. தேர்ந்தெடுப்பதுதான் தொழில். செய்து முடித்தால் சனிக்கிழமைக்கு எங்கே போவார்?

புடுவில் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் இவரைத் தெரியாத தவுக்கே இல்லை. இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பார்ப்பார். “லு மாவ் யாங் மானா, போஸ்?” என்று முதல் தரம் தவுக்கே அன்பாகக் கேட்பார். அண்ணன் ஐ2சியா எஸ்பிஐயா, கரண்ட் போட்டதும் வெளியீடு பூஜ்யத்தில் எழுமா நடுவில் எழுமா என்று ஆரம்பிப்பார். அடுத்த தரம் தவுக்கே கேட்பதில்லை. கால்குலேட்டரை எடுத்துப் போன மாதக் கணக்கைத் தட்டத் தொடங்கிவிடுவார். அண்ணன் கடைசியில் நான்கு ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளி கொடுத்துவிட்டு வெளியே வருவார்.

இணையக் கடையில் இன்னொரு நாடகம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஏசி8551 கூடையில் விழுந்து மாதங்களாகிவிட்டன. சிப்பைவிட அனுப்பும் செலவு அதிகம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் அனுப்புவது இலவசம். ஆகவே கூடையை நிரப்ப வேண்டும். நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் வேடிக்கை, அந்த நிறுவனத்துக்கு உலு கிள்ளானில் 1972-லிருந்து தொழிற்சாலை இருக்கிறது. அண்ணன் அந்த வழியே மோட்டாரில் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்ப்பாராம். வாசலில் போய் நின்று சில்லறையாக ஒன்று கேட்கவா முடியும்?

இதற்கிடையில் தென்மேற்குப் பருவம் வந்தது, சுமத்ரா பக்கமிருந்து புகையும் வந்தது. அம்மா காலையில் ஜன்னலருகே நிற்பார். தூரத்து அடுக்குமாடி தெரிந்தால் திறப்பார், தெரியாவிட்டால் சாத்துவார். ஒரு பிட்.

தம்பிக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது. அண்ணன் பசியாறப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த ஈஎஸ்பி32-க்குள்ளேயே இரண்டு எட்டு பிட் டிஏசி சும்மா தூங்குவதை எழுப்பினான். இருபத்தைந்தாம் காலிலிருந்து ஒரு ரெசிஸ்டர், அதிலிருந்து மீட்டர். முள் சொகுசாக எழுந்து 80-க்கு நேரே நின்றது. அண்ணன் வந்தார், பார்த்தார், பூதக்கண்ணாடி கொண்டுவந்து மறுபடி பார்த்தார். தாவவில்லை. அது அவரை ரொம்பவே வருத்தியது.

“உள்ளுக்குள்ள வர்ற டிஏசி எல்லாம் லீனியாரிட்டி சரியில்ல தம்பி.”

“ஓடுதில்லண்ணே.”

“ஓடுது... ஓடத்தான் செய்யும்.”

சுவரில் மாட்டினார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். “ஏண்டா, முள்ளு பச்சையில நிக்குது. அந்த ஃபிளாட்டையே காணலியே?”

மலேசியாவில் குறியீட்டில் நுண்துகள் கணக்கு கடந்த 24 மணி நேர சராசரியில் போடப்படுகிறது. காலையில் இறங்கிய புகை முள்ளுக்கு எட்ட நேரம் பிடிக்கும் என்று தம்பி விளக்க வாயெடுத்தான். அண்ணன் கையமர்த்தினார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல? எட்டு பிட்டு பத்தாதுன்னு.”