நாமளே பண்ணிக்கலாமே

கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய மறுவாரம் அலங்காரக்காரர் வீட்டுக்கு வருவார். கையில் டேப்லெட். விரலால் தள்ளத் தள்ள மேடைகள் வரும்: மயில் மேடை, தாமரை மேடை, பெயர் தெரியாத வெள்ளைப் பூக்கள் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் மேடை. கடைசியில் விலையைச் சொல்வார். பெண்ணைப் பெற்றவர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். அந்த அமைதியில்தான் கூடத்து மூலையிலிருந்து குரல் வரும்:

"இதுக்குப் போய் இவ்ளோவா? நாமளே பண்ணிக்கலாமே!"

அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். உங்கள் வீட்டில் அவர் பெரியம்மாவாகவோ அத்தையாகவோ இருக்கலாம். எங்கள் வீட்டில் அண்ணி.

தமிழில் "நாங்கள்" என்றொரு சொல் உண்டு. கேட்பவரைச் சிரமப்படுத்தாமல் வாசலிலேயே நிறுத்திவிடும் பண்பான சொல். அண்ணியின் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை. அவருக்கு எப்போதும் "நாம"தான். எதிரே இருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் இதற்கு இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்தபோது, பிற்காலத்தில் இது விரலைச் சுடும் என்று எந்தத் தமிழய்யாவும் சொல்லித்தரவில்லை.

அண்ணியிடம் வரலாற்று ஆதாரமும் உண்டு. "நம்ம பக்கத்து ஊர்ப் பேரையெல்லாம் பாருங்க தம்பி. பூவிருந்தவல்லி. திருமுல்லைவாயில். பூ நமக்கு என்ன புதுசா?" என்பார். மறுக்க முடியாது. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, நந்தவனம் வைத்துப் பூப்பறித்து மாலை கட்டி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நடந்தே கொண்டுபோனார் என்பது ஆயிரம் வருஷத்து வைணவ மரபு. ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆனால் நம்பி தன் கையால் கட்டினார், தன் காலால் நடந்தார். வழியில் ஸ்ரீபெரும்புதூரில் யாரையாவது பிடித்து உட்காரவைத்து, "இந்த நூலை ரெண்டு நிமிஷம் பிடிங்க" என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருமுல்லைவாயில் கதைதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டதாம். கொடியை வாளால் வெட்டப்போக, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்ததாம். மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணம் அது. பூவில் சிக்கினால் பட்டத்து யானைக்கே கதி அதுதான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவன். எடை 62 கிலோ.

தப்பிக்க முயலவில்லை என்று நினைக்காதீர்கள். போன தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்பு சட்டத்தையே துணைக்கு அழைத்தேன். 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும். மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. "ஆக, சட்டம் கேட்கிறது அதிகபட்சம் ரெண்டே ரெண்டு மாலைதான் அண்ணி" என்றேன். அண்ணி யோசித்தார். "அப்போ அந்த ரெண்டு மாலையையும் நாமளே கட்டிடலாம். நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க" என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அதுவரை மாலை மட்டும் கடையில் வாங்குவதாக இருந்தது.

பொருள் வாங்கப் பாரிமுனை. அம்பத்தூரில் கடற்கரை ரயிலைப் பிடித்தால் நேரே போய்விடலாம். கோயம்பேட்டில் 1996-இல் மார்க்கெட் வந்த பிறகும் பூக்கடை என்ற பெயர் என்னவோ அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. அங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கே பூக்கடை என்றுதான் பெயர். அண்ணி போனது நிஜப்பூவுக்காக அல்ல. சாட்டின் ரிப்பன், கிரேப் பேப்பர், பூக்கம்பி, பச்சை டேப், குந்தன் கல், முத்துச்சரம், ஜரிகை லேஸ், நான்கு குளூ கன். திரும்பும்போது மூன்று பை என் தோளில். நான்காவதை, இறங்கும் அவசரத்தில் கொரட்டூரில் யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். எங்களிடம் மிஞ்சியது அவருடைய பை. அதில் அரை டஜன் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அண்ணி அதையும் சீர்வரிசைத் தட்டில் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். நான்தான் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னேன்.

அண்ணியின் கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் செலவு என்ற பத்தியே கிடையாது, மிச்சம் மட்டும்தான். கடையில் ரிப்பன் ரோஜா ஒன்று நாற்பது ரூபாய், நாமே செய்தால் ஏழு ரூபாய், ஆக மிச்சம் முப்பத்து மூன்று. மேடைக்கு முந்நூறு ரோஜா போதும். ஆனால் அறுநூறு செய்தால் மிச்சம் இரண்டு மடங்காகிறதே! அறுநூறு செய்தோம். ஒரு கட்டத்தில் இன்னும் ஆயிரம் செய்தால் மண்டப வாடகையே மிச்சமாகிவிடும் என்கிற நிலைக்குக் கணக்கு போய்விட்டது. ரிப்பன் தீர்ந்ததால் தப்பித்தோம்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். நாட்டில் அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம். ஆவடிக்கு நாலு ஸ்டேஷனுக்குள் இருக்கும் அண்ணி வீட்டுக் கூடத்தில் அது முழுசாக நிறைவேறியதை நான் கண்ணால் பார்த்தேன். பாங்க் மேனேஜரான சகலையும், சிலிண்டர் போட வந்த பையனும், பத்திரிகை வாங்கிப்போக வந்த எதிர்வீட்டு வாத்தியாரும் ஒரே பாயில் உட்கார்ந்து இதழ் வெட்டினார்கள். உயர்வு தாழ்வு இல்லை. கூலியும் இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் டீ.

தரக்கட்டுப்பாடு அண்ணன் கையில். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் விஜயந்தாவில் தொடங்கி அர்ஜுன் வரை பார்த்துவிட்டு வந்தவர். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இதழ் 42 மில்லிமீட்டர். கூடக் குறைய அரை மில்லிமீட்டர் போகலாம். அதுக்கு மேல ரிஜெக்ட்" என்றார். வாத்தியார் வெட்டியதில் பாதி ரிஜெக்ட். அவர் முகம் வாடிவிட்டது. முப்பது வருஷம் பிறர் தாளைத் திருத்தியவர்.

இந்த வகையாரிடம் ஒரு விசேஷம்: ஆட்சேபம் எழுப்பினால் அந்த இலாகா உங்களுக்கே வந்துவிடும். மேடையின் இரண்டு பக்கமும் தெர்மாகோல் அன்னம் வைக்க ஏற்பாடாகியிருந்தது. கல்லூரியில் படிக்கும் மருமான் சும்மா இருக்காமல், "2022 ஜூலை ஒண்ணாம் தேதியிலிருந்து அலங்காரத்துக்குத் தெர்மாகோல் தடை, அத்தை" என்றான். உண்மைதான்; ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பட்டியலில் அதுவும் இருக்கிறது. "அப்படியா? அப்போ அன்னத்தை டர்க்கி டவல்ல பண்ணிடு" என்று இரண்டு டவலை அவன் மடியில் போட்டார். புது ரூபாய் நோட்டில் மயில் செய்யும் திட்டமும் இருந்தது. நோட்டை மாலை கட்டவும் பந்தல் அலங்காரத்துக்கும் பயன்படுத்தாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார் சகலை. தொழில் புத்தி. அன்றிரவு பதினொரு மணிவரை வெற்றிலையில் மயில் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

சீர்வரிசைத் தட்டு 21. அதில் இரண்டு தட்டில் தேங்காய் ஜோடி: ஒன்றுக்குப் பட்டுப்பாவாடை கட்டி மணப்பெண், இன்னொன்றுக்கு வேட்டி கட்டி மாப்பிள்ளை. தேங்காய்க்குக் குடுமி உண்டு, எங்கள் மாப்பிள்ளைக்கு முன்னந்தலையில் அதுவும் இல்லை. இதை அவர்கள் வீட்டார் குத்தல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாதே என்று மூன்று நாள் ஆலோசனை நடந்து, கடைசியில் தலைப்பாகை வைத்தோம்.

இதெல்லாம் காகிதமும் துணியும். சொன்னபடி கேட்கும். மல்லிகை கேட்காது. தையில் பனிக்கு மல்லி விளைச்சல் சுருங்கிவிடும். முகூர்த்தமோ தையில்தான் நெருக்கி வரும். கோயம்பேட்டில் விலையைக் கேட்டுவிட்டு அண்ணன் வெர்னியரைக் கீழே வைத்தார். இரண்டு மாலைக்கும் ஜடைக்குமாக எண்ணி எடைபோட்டு வாங்கிவந்தோம். அதை மொட்டாக இருக்கும்போதே கட்டியாக வேண்டும். பொழுது சாய்ந்தால் மொட்டு யாருக்காகவும் காத்திருக்காது, மலர்ந்துவிடும். கட்டவந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு நார் கையில் வழுக்கியது. பன்னிரண்டாவது ஆள் அண்ணி. அவர் மேற்பார்வையில் இருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு எங்களிடம் இருந்தது மூன்று முழம் சரமும், பாதி மலர்ந்துபோன ஒரு கூடைப் பூவும்.

யாரும் சொல்லாமலே வாத்தியார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா செருப்பை வாசலில் விட்டு, கூடையைப் பார்த்தார், எங்கள் சரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பூவைக் கட்னீங்களா, கழுத்தை நெரிச்சீங்களா?"

வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரை ஒரு சுற்று, விரலால் ஒரு சுண்டு. கண் பூவில் இல்லை, டிவியில் இருந்தது. சரம் அவர் மடியிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டுகொண்டே போனது. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏம்மா, ஒரு முழம்னா எத்தனை மில்லிமீட்டர் வச்சுக்கறீங்க?" என்று கேட்டார். "என் கை எவ்ளோவோ அவ்ளோதான் சார்" என்றார் அந்த அம்மா. அண்ணன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், பதினைந்து நாளாக நடந்த அந்தக் கைவேலையில் கைவேலை தெரிந்தவர் என்று வந்தவர் அவர் ஒருவர்தான். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு மாலையும் ஜடையும் முடிந்தன. ராத்திரி வேலைக்கு உண்டான கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்தத் தொகை அண்ணியின் நோட்டில் ஏறவில்லை. ஏற்ற அங்கே பத்தி இல்லையே.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஒரே ஒரு குறை. வாசல் வளைவு முழுக்கக் கிரேப் பேப்பர் ரோஜா, அடர்சிவப்பு. அதன் கீழே நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க இரண்டு சிறுமிகள். பன்னீர்ச் சொம்பு கிடைத்த உற்சாகத்தில் அவர்கள் பூவுக்கும் சேர்த்துத் தெளித்தார்கள். நனைந்த கிரேப் பேப்பரில் சாயம் நிற்காது. மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்து, ஹோலி கொண்டாடிய வடநாட்டுக்காரராக முன்வரிசையில் அமர்ந்தார். அவர் கடைசிவரை கவனிக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

தாலி கட்டியதை அண்ணி பார்க்கவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் நின்று, வந்தவர்கள் மேடையைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலர் பந்திக் கதவைத்தான் பார்த்தார்கள். முகூர்த்தம் முடிந்து அரைமணி கழித்து, பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பெரியவர் ரிப்பன் ரோஜாவைத் தொட்டுப் பார்த்து, "யாரு டெக்கரேஷன்? ரொம்ப நல்லாருக்கே" என்றார்.

பதினைந்து நாள் தூக்கமும் நாலு விரல் கொப்புளமும் இந்தக் கேள்விக்காகத்தான். அண்ணி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சினிமாப் பாட்டே முடிந்திருக்கும்.

"நாமளே பண்ணினதுதாங்க."

"அப்படியா! எங்க பொண்ணுக்கு வர்ற ஆவணியில வச்சிருக்கோம்..."

"அதுக்கென்ன, நாமளே பண்ணிக்கலாமே" என்று சொன்ன அண்ணி, அவருக்குக் கொடுத்தது என் போன் நம்பர்.

மிச்சமிருந்த முந்நூறு ரோஜாவும் இரண்டு அன்னமும் இப்போது அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஆவணிக் கல்யாணப் பத்திரிகை உங்களுக்கும் வரலாம். முகூர்த்தத்துக்கு அவசியம் வாருங்கள், இருந்து சாப்பிட்டுப் போங்கள். முதல் நாள் சாயங்காலம் மட்டும் வந்துவிடாதீர்கள். வந்தே ஆகவேண்டும் என்றால் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கண்ணாடி மறந்து வந்தவர்களுக்கு அண்ணி தோரணம் பிடிக்கிற வேலைதான் தருகிறார். அதில் விரல் சுடாது.