கூரைக்கு வெளிச்சம்

புது வீட்டுக் கூடத்தில் பதினெட்டு விளக்கு என்கிறார் இன்டீரியர்காரர். ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒளித்துவைக்கும் எல்.இ.டி. பட்டை தனிக் கணக்கு. அது கூரையைப் பார்த்து எரியும். கூரையில் யாரும் பேப்பர் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். கிரகப்பிரவேசத்தன்று அத்தனையும் ஜொலிக்கும். மறுநாளிலிருந்து ஒரே ஒரு ட்யூப்லைட்தான்.

நிறத்திலும் பஞ்சாயத்து உண்டு. 3000 கெல்வின் மஞ்சள் ஒளியைப் போட்டால், “என்னம்மா, கரண்ட் கம்மியா வருதா?” என்பார் மாமியார். 6500 வெள்ளையைப் போட்டால் வீடு ஜவுளிக்கடை.

சமையலறைக்கு மட்டும் நட்டநடுவில் ஒற்றை விளக்கு. மேடைப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கினால், நறுக்குகிறவரின் நிழலே பலகையில் விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு பட்டை ஒட்டினால் தீர்ந்தது. அதற்கு பட்ஜெட் இல்லையாம்! கூடத்துச் சரவிளக்குக்கு இருந்தது. பிளான் போட்டவர்கள் யாரும் வெங்காயம் நறுக்கியதாகத் தெரியவில்லை.

இதில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பது எலக்ட்ரீஷியன் ஒருவருக்கே வெளிச்சம். பாக்கிப் பணம் வாங்கியதிலிருந்து அவர் போன் எடுப்பதில்லை.