கவசத்துக்குக் காவல்காரர்

மேச்சேரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவரைப் பார்த்துவிடலாம். ஓமலூர் சாலையிலிருந்து வருவார், மேட்டூர் சாலையிலிருந்து வருவார், நங்கவள்ளிப் பக்கமிருந்தும் வருவார். எங்கிருந்து வந்தாலும் ஹெல்மெட் இடது முழங்கையில் மாட்டியிருக்கும், தலையில் காற்று அடித்துக்கொண்டிருக்கும். முழங்கை உடைந்து உயிரை விட்டவர் என்று இந்த வட்டாரத்தில் யாரையும் கேள்விப்பட்டதில்லை. அந்த வகையில் அவருடைய முன்னெச்சரிக்கை பலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அவரை அலட்சியக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து அவருக்கு ஹெல்மெட் நினைப்புதான். எங்கே வைப்பது, எதில் பூட்டுவது, யாரிடம் ஒப்படைப்பது? மாட்டிக்கொள்ளலாமா என்ற ஒரு கேள்வி மட்டும் அந்த வரிசையில் வராது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. வண்டி வாங்கும்போதே ஹெல்மெட் தர வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அப்படி வந்த ஹெல்மெட்டை அவர் பாலித்தீன் உறைகூடக் கழற்றாமல் பரணில் ஏற்றிவிட்டார். புதுப்பொருள், அழுக்காகிவிடுமே! பிறகு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் கட்டாயம் அணிய வேண்டும் என்றானது. ஊரே கடைக்கு ஓடியது. அவரும் ஓடி ஒன்று வாங்கினார். பரண் ஹெல்மெட்டை எடுப்பதற்கு ஏணி கிடைக்கவில்லை. புதிதாக வாங்கியதை ஒரு சந்தை நாளில் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போனார், திரும்பி வரும்போது கண்ணாடி மட்டும் இருந்தது. அன்று விற்ற கிடாயின் விலை அவருக்கு மறந்துவிட்டது. போன ஹெல்மெட்டின் விலை இன்றும் பைசா சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் காவல்காரர்.

ஆட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். இவர் கையில் துண்டு போட இடமில்லாததால், தரகர் ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுத்தான் பேரம் பேசுகிறார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, ரகசியத்துக்கு அது துண்டைவிட மேல் என்று தரகரே சொல்கிறார். மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர் போனது. அந்த இனத்துக்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டை ஒரு தடவு தடவித் தோலின் தரம் சொல்லிவிடுவார் நம்மவர். தன் தோலுக்கு அடியில் ஒரு மண்டை இருப்பதை மட்டும் யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே வேண்டுமானாலும் விடுவார். ஹெல்மெட் பூக்கார அக்காவிடம்தான்.

“அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்தர்றேன்.”

“போன வாரம் வச்சதையே இன்னும் நாலு பேரு எடுக்கலைங்க தம்பி. பூ வைக்க எடமில்லாமப் போச்சு.”

சந்நிதியில் கண்ணை மூடிக் கும்பிடும்போதும் காது வாசல் பக்கமே இருக்கும். கல்யாண மண்டபத்தில் அவருடைய ஹெல்மெட்டுக்குத் தனி நாற்காலி. பந்தியில் துண்டு போட்டு இடம் பிடித்தால் எடுத்து நகர்த்திவிடுவார்கள், ஹெல்மெட்டை நகர்த்த யாருக்கும் மனம் வராது. சாப்பிட உட்கார்ந்தால் அது மடிக்கு வந்துவிடும். ரசம் சிந்தினால் வேட்டி நனையலாம், கவசம் நனையக் கூடாது.

பூட்டு விஷயத்தில் அவர் ஓர் ஆராய்ச்சியாளர். நாய்ச் சங்கிலி, சைக்கிள் பூட்டு, எண் வைத்துத் திறக்கும் கம்பிப் பூட்டு எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணை மறந்துவிட்டு, ஹெல்மெட்டோடு வண்டியையும் சேர்த்துப் பட்டறைக்குத் தள்ளிப்போன நாளும் உண்டு. ஒருநாள் பட்டையைக் கேரியரோடு இறுக்கிப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போனார். வந்தவன் பூட்டைத் தொடவில்லை, பட்டையைக் கத்தியால் அறுத்துக்கொண்டு போய்விட்டான். பட்டையில்லாத ஹெல்மெட் முதல் குலுக்கலிலேயே கழன்று உருளும், திருடியவனுக்கும் உதவாது. மிச்சமிருந்த அரைச்சாண் பட்டையைப் பூட்டோடு பார்த்து நம்மவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

குடும்பத்தோடு மேட்டூர் அணை பார்க்கக் கிளம்பினால் ஹெல்மெட் இரண்டும் மனைவியின் மடிக்கு மாறும். “ஏங்க, மடியில இருக்கறத ஆளுக்கொண்ணாத் தலையில போட்டா எனக்குப் புடிச்சுக்கக் கை கெடைக்குமில்ல?” என்று அந்த அம்மாள் கேட்காத பயணமில்லை. எதிரே வருகிற வண்டிக்காரர் விளக்கை அடித்துக் காட்டினால் மட்டும் காட்சி மாறும். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். ஓடும் வண்டியிலேயே கவசம் மடியிலிருந்து தலைக்கு ஏறும். ஆயிரம் ரூபாய் அபராதத்தைத் தாண்டியதும் மறுபடி மடிக்கு இறங்கும்.

கல்லூரியில் படிக்கிற அக்கா மகன் ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டான். “மாமா, லாரன்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரரு, பெரிய போர்வீரரு. 1935ல மோட்டார் சைக்கிள்ல போயி, தலையில அடிபட்டுச் செத்துட்டாரு. அவருக்கு வைத்தியம் பாத்த ஹியூ கெய்ர்ன்ஸ்ங்கற டாக்டரு அதுக்கப்புறம் இதையே ஆராய்ச்சி பண்ணி, ஹெல்மெட் உயிரைக் காப்பாத்தும்னு 1941ல கட்டுரை எழுதினாரு.”

“அந்த லாரன்ஸுகிட்ட ஹெல்மெட் இருந்துச்சாடா?”

“இல்லீங்க மாமா, அதனாலதான்…”

“எங்கிட்ட இருக்குது பாரு” என்று முழங்கையைத் தட்டிக் காட்டினார்.

இதற்கெல்லாம் சிகரம் ஒரு மாலைநேரக் காட்சி. நாமக்கல் முட்டை ஒரு டஜன் வாங்கினார், பை கொண்டுவரவில்லை. ஹெல்மெட்டைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே ஒவ்வொன்றாக அடுக்கி, முழங்கையில் மாட்டிக்கொண்டு வேகத்தடைகளில் பதமாக ஏறி இறங்கிப் போனார். ஒரு முட்டைகூட உடையவில்லை. ஹெல்மெட் எதற்கென்று அவருக்குத் தெரியாது என்று இனி யார் சொல்ல முடியும்? முட்டை ஓட்டுக்குக் கவசம் வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, மண்டை ஓட்டுக்குத்தான் இன்னும் முறை வரவில்லை.

அவருடைய கவலையில் நியாயம் இல்லாமலும் இல்லை. வண்டியை நிறுத்தினால் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பது உண்மையான சங்கடம்தான். பல பைக்குகளில் சீட்டுக்குக் கீழே கொக்கியோ சாவிப் பூட்டோ இருக்கிறது, பாதிப் பேர் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. கம்பிப் பூட்டு வாங்கினால் பட்டையோடு நிறுத்தாமல், தாடைப் பகுதி வழியாகவும் நுழைத்துப் பூட்டுங்கள். கண்ணாடிக் கம்பியில் குத்தி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நுரை அமுங்கிப் போகும். அடிபடும்போது நமக்குப் பதிலாக நசுங்குவது அந்த நுரைதான், அதுவும் ஒருமுறைதான் நசுங்கும். பெட்ரோல் படும் இடத்திலும் வைக்காதீர்கள், நுரைக்கு ஆகாது. பலமாக விழுந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள், வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் வண்டி நிற்கும்போது. வண்டி ஓடும்போது ஹெல்மெட்டை வைக்கப் பத்திரமான இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே பட்டையைப் போட்டு மாட்டிவிட்டால் பூட்டு வேண்டாம், பூக்கார அக்கா வேண்டாம். ஓடுகிற வண்டியில் ஒருவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைத் திருடிய திருடன் இதுவரை மேச்சேரியில் பிறக்கவில்லை.