கட்டுகஸ்தோட்டை அபாயமணியும் ஏதுப்போலியும்

புகையைக் கண்டு மலைமேல் நெருப்பை அனுமானித்து, அதற்கு அடுக்களையைத் திருட்டாந்தமாகக் காட்டும் அந்தப் பழைய பாடத்தை, தர்க்க சாஸ்திரத்தின் வாசற்படியை மிதித்தவர் எவரும் அறியாதிருக்க முடியாது. அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கித் தந்தபின், நம் பண்டிதர்கள் அதைத் திண்ணைதோறும் உருப்போட்டு வந்தனர். ஆயினும், குருமுகமாக ஓர் எழுத்தும் கல்லாமல், விடுதி அறைகளின் கூரையில் ஒட்டிக்கொண்டு, அதே அனுமானத்தை இரவும் பகலும் ஓயாது செய்துவரும் வெண்ணிறப் பிளாஸ்ரிக் வட்டத்தைப் பற்றி இதுகாறும் ஒருவரும் பாஷியம் செய்தாரில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோசனம்.

ஆராய்ச்சிக் களம் கட்டுகஸ்தோட்டை. கண்டிக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில், மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியின் மீது அமைந்துள்ள இவ்வூர், எசல பெரஹரா காலத்திலே நகரத்தில் அறை கிடையாத பிரயாணிகளுக்கெல்லாம் புகலிடமாவது. பிறந்த நாள் முதல் கிணற்று நீரன்றி வேறறியாத யாழ்ப்பாணத்தார், இங்கே வந்ததும் குளிருக்கஞ்சிச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கும் வழக்கத்தினர். அதிலும் முதல் பஸ்ஸைப் பிடிக்க எண்ணுவோர் விடியற்காலை நாலு மணிக்கே திறப்பர். இவ்விரண்டு செய்திகளையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, கருவியின் இலக்கணம். அதனுள்ளே ஓர் இருட்டறை. அதில் ஒரு சிறு விளக்கு. அதன் ஒளி நேரே விழாதபடி ஒதுக்கி வைத்த ஒரு கண். காற்று தெளிந்திருக்கும்வரை அக்கண் எதையும் காணாது. புகைத்துகள் புகுந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறிக் கண்ணில் விழ, கருவி அலறும். அமெரிசியம் என்னும் கதிரியக்க உலோகத்தைக் கொண்டு இயங்கும் வேறொரு சாதியும் உண்டு. அது நம் விசாரணைக்குப் புறம்பு. ஒளியைச் சிதறச் செய்யும் வல்லமை புகைக்கு மட்டும் அருளப்பட்டதன்று என்பதே இங்கு நோக்கற்பாலது. நீராவித் துளியும் சிதறச் செய்யும். வழி தவறிய பூச்சியும் செய்யும். ஆகவே குளியலறைக் கதவைத் திறந்து ஒருவர் வெளியே வர, அவருக்கு முன்னே ஆவி வந்து கூரையைத் தழுவுமாயின், தீ உண்டென்பது கருவியின் சித்தாந்தம்.

இந்தத் தவறு புதிதன்று. மணிமேகலைக்கு அறவண அடிகள் தர்க்கம் உபதேசிக்கும் இருபத்தொன்பதாம் காதையிலே, மெய்போல் தோன்றும் பொய்க்காரணங்களாகிய ஏதுப்போலிகளை வகுக்குமிடத்து, தான் கண்டது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதிருக்கையிலேயே அதனைப் புகையென்று கொண்டு நெருப்பைச் சாதிப்பது சித்தாசித்தம் என்னும் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. குளியலறை ஆவியையும் மகாவலியின் பனியையும் ஒருங்கே எண்ணியவர்போல் அக்காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அவ்விரண்டையும் பெயர் சொல்லிக் குறித்திருப்பது வியப்புக்குரியது. கருவியைச் செய்வோர் காப்பியத்தின் இக்காதையைக் கற்றிருப்பின், எத்தனையோ பேருடைய நித்திரை பிழைத்திருக்கும்.

பற்றரி நலிந்த கருவி அவ்வப்போது கீச்சிடுவதும் பெரும்பாலும் விடியற்புறத்தில்தான். குளிரக் குளிரப் பற்றரியின் இரசாயன வினை மந்தமடைந்து மின்னழுத்தம் தாழும். இரவின் கடுங்குளிர் வைகறையில் வருவதால், அந்தத் தாழ்வும் அப்போதே எல்லையைக் கடக்கிறது. இதில் ஒருவருடைய சதியும் இல்லை.

மணி கேட்டபின் நிகழ்வதை யானும் எழுப்பப்பட்டவர்களுள் ஒருவனாய் நின்று கண்டேன். கதவுகள் சாணளவு திறந்தன, தலைகள் தோன்றின, ஒவ்வொரு தலையும் மற்றத் தலைகளை நோக்கியது. "தம்பி, எங்கையோ மணி அடிக்குது போல கிடக்கு" என்றார் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஒரு பெரியவர். "ஓமண்ணை, அதைத்தான் நானும் பாக்கிறன்" என்றார் எதிரறைக்காரர், இருவரும் அசைந்தாரில்லை. இது நம்மவரின் தனிக்குணமென்று நினைப்பது அவசரமாகும். 1968இல் லட்டானே, டார்லி என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், மாணவர்கள் இருந்த அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தனர். தனித்திருந்தவருள் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய் அறிவித்தனர். புகையைப் பொருட்படுத்தாததுபோல் நடித்த இருவருடன் இருந்தவருள் பத்துக்கு ஒருவரே அறிவித்தார். எங்கள் கூட்டத்திலோ, வன்னியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும், ஒருவர் முகத்தையும் பாராமல், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டார். ஒலி கேட்டால் உடனே வெளியேற வேண்டும் என்பதை அவருக்கு எந்தப் பரிசோதனையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஏனையோரைக் காவலாளிதான் வந்து கலைத்தார்: "ஒண்டுமில்ல மாத்தயா, பதினொராம் நம்பர்ல குளிக்கிறாங்க."

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் புகுந்தபோது, அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனும் குடிகளும் நீங்கிப்போன நகரம் எரிந்துகொண்டிருந்தது. அன்று தீ இருந்தது; எழுப்புவதற்கு ஆள் இல்லை. பதினொராம் அறையின் வாசலில் நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம், தீ இல்லை.

இத்தனை சொல்லியும், கருவியைக் கழற்றி எறிக என்று தீர்ப்பளிக்க மனம் ஒப்பவில்லை. வாதசபையில் ஏதுப்போலி சொன்னவன் தோற்பதோடு சரி. விடுதியிலோ, பொய்யாய் அலறினால் அரைமணி நித்திரை போகும். மெய்யான புகைக்கு வாளாவிருந்தால் உயிர் போகும். தார்க்கிகனாக அது தேறாது. காவற்காரனாக நன்றாகத் தேறும். ஆதலால் மணி அடித்தால், ஆவியோ பனியோ என்னும் விசாரத்தை முற்றத்தில் நின்று செய்வதே உசிதம். கட்டுகஸ்தோட்டையில் விடியுமுன் சுடுநீராடும் அன்பர்களிடம் மட்டும் ஒரு விண்ணப்பம்: முதலில் குளியலறை யன்னலைத் திறந்து ஆவியைப் போகவிடுங்கள், கதவைப் பிறகு திறக்கலாம்.